அரிசி வாளிக்குள் ஒரு தேரை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தலைக்கு எண்ணெய் வைத்து ஊறவிட்டு, முழுகலாம் என்று குளியலறைக்குள் போனேன். பைப்பைத் திறக்கக் கையை நீட்டினால்... பைப் என் கைக்குள் மூச்சு விட்டது.

தேரை. பைப்பின் கழுத்தில் நான்கு காலையும் மடக்கி, கண்ணை அரைவாசி மூடி, அது பாட்டுக்கு இருந்திருக்கிறது. என் கை பட்டதும் ஒரே பாய்ச்சல். என் தோளில் விழுந்து, அங்கிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது. நான் போட்ட சத்தத்தில் இவர் தேநீர்க் கோப்பையோடு ஓடிவந்தார்.

“என்ன, பாம்போ?”

“இல்லை. தேரை.”

“ஓ... தேரையோ” என்றுவிட்டுத் தேநீரைக் குடிக்கப் போய்விட்டார். பாம்பென்றால் ஒரு தடியாவது எடுத்திருப்பார். தேரைக்கு எங்கள் வீட்டில் அந்த மரியாதை கிடையாது.

கிடைக்காதுதான். வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்குத் தேரையை நான் அறிமுகப்படுத்த வேண்டுமா? கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு மழைக்காலம் இருந்தவர்களுக்கு அதைத் தெரியாமல் இருக்காது. மெலிந்த நீளக் கால்கள். விரல் நுனியில் பொட்டு வைத்த மாதிரி வட்டம் வட்டமாக ஒட்டுகிற பசை. பகலில் வெள்ளைச் சுவரில் இருந்தால் வெளிறிப்போய்ச் சுவரோடு சுவராக இருக்கும். பொழுதுபட்டால் மண்ணிறத்துக்கு வந்து, புள்ளி போட்டுக்கொண்டு, பூச்சி பிடிக்கப் புறப்படும். மரத்தில் வாழ்கிற பிராணி என்றுதான் புத்தகத்தில் எழுதுகிறார்கள். நான் பார்த்தவரைக்கும் அது மரத்தைவிட நம்முடைய குளியலறையைத்தான் விரும்புகிறது. பைப், வாளியின் அடிப்பக்கம், மலசலகூடத்துத் தண்ணீர்ப் பெட்டியின் மூடிக்குக் கீழே, வாழைமரத்து மடல் இடுக்கு, கேற்றுக்கு நட்ட இரும்புக் குழாயின் வாய். ஈரமும் நிழலும் எங்கே கிடைக்கிறதோ அங்கே குடும்பம் நடத்தும். சோளகக் காற்று அடித்து வளவெல்லாம் காய்ந்து வெடித்தால் நேரே வீட்டுக்குள் வந்துவிடும். வாடகை கிடையாது, முன்பணம் கிடையாது.

போன மாரியில் ஒருநாள் கிணற்றடித் தொட்டியின் உட்சுவரில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, வெள்ளையாக ஒரு நுரைக்கட்டி இருந்தது. இவர்தான் ஷேவ் எடுத்துவிட்டுக் கையை உதறியிருக்கிறார் என்று பிடித்துப் பேசினேன். அவர் சத்தியம் பண்ணினார். நான் நம்பவில்லை. சில நாளில் நுரை இளகிச் சொட்டச் சொட்ட, அதற்குள் இருந்து குட்டிக் குட்டியாகத் தவளைக் குஞ்சுகள் தொட்டித் தண்ணீருக்குள் விழுந்தன. தேரை கூடு கட்டுவது அப்படித்தானாம். நுரையடித்து, அதற்குள் முட்டையிட்டு, தண்ணீருக்கு மேலே தொங்கவிடுமாம். இவரிடம் மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. அது வேறு வழக்கு.

சிரித்துக்கொண்டே சொல்கிறேன். ஆனால் இந்த வாரம் சிரிப்பதற்கு எழுதவில்லை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், விரும்பாதவர்கள் இந்த இடத்தோடு பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் தர்சினி இருக்கிறாள். (பெயரை மாற்றியிருக்கிறேன், அவளுடைய கணவன் இருக்கும் நாட்டையும் மாற்றியிருக்கிறேன். ஒழுங்கையைத் தேட வேண்டாம். அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.) இருபத்தைந்தைத் தாண்டியிருப்பாள். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு, வெளிச்சுவர் இன்னும் பூசவில்லை. கணவன் கட்டாரில். ஒரேயொரு பிள்ளை, கவின். ஒன்றரை வயது.

சோளகம் தொடங்கினால் அவளுடைய கிணறு உவராகிவிடும். குடிக்கிற தண்ணீருக்கு எங்கள் கிணற்றடிக்குத்தான் வருவாள். சைக்கிள் கரியரில் இரண்டு பிளாஸ்ரிக் கான், முன்னால் கட்டிய சின்ன சீற்றில் கவின். அன்றைக்கும் வந்திருந்தாள். நான் தலையைத் துவட்டிக்கொண்டே தேரை தோளில் பாய்ந்த கதையைச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

அவள் சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கவினின் தலையோடு மூடினாள்.

“அக்கா, அது இப்ப எங்க?”

“உள்ளுக்குத்தான். கண்ணாடியில ஒட்டிக்கொண்டு கிடக்கு. ஏன் பிள்ளை?”

“இவனுக்கு ஏற்கெனவே பாய்ஞ்சிருக்கு அக்கா. இன்னொருக்காப் பாய்ஞ்சா இவன் தப்பமாட்டான்.”

இரண்டாவது கானை நிரப்பாமலே சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

தேரை பாய்தல் என்றால் என்னவென்று இளம் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கைக்குழந்தையின் மேல் தேரை பாய்ந்தால், அல்லது வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் தாயின் மேல் பாய்ந்தால், அந்தப் பிள்ளை தேறாது என்று ஒரு நம்பிக்கை. சாப்பாடு உடம்பில் ஒட்டாது. கையும் காலும் குச்சியாகும். விலா எலும்பு தெரியும். குண்டித் தோல் சுருங்கித் தொங்கும். வயிறு மட்டும் ஊதி நிற்கும். உடைத்த தேங்காய்க்குள் பருப்பு இல்லாவிட்டால் கூட ‘தேரை மோந்தது’ என்றுதானே சொல்கிறோம்? பழியைச் சுமக்க அந்தப் பிராணிக்கு நல்ல முதுகு.

நான் அன்றைக்குப் பிறகுதான் கவினைச் சரியாகப் பார்த்தேன். அதுவரை அவன் சைக்கிளில் வருகிற ஒரு தொப்பியும் இரண்டு கண்ணும்தான் எனக்கு. அடுத்த நாள் சட்டையில்லாமல் கிணற்றடியில் இருத்தியிருந்தாள். குச்சிக் கை, குச்சிக் கால், ஊதிய வயிறு, பெரிய கண். ஒன்றரை வயதுப் பிள்ளை எழுந்து நிற்கவில்லை. தொட்டியைப் பிடித்து நிற்க முயன்று, முடியாமல், அழவும் செய்யாமல் அப்படியே இருந்தான். அழாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. தேரையை ஏன் சொல்கிறார்கள் என்பதும் விளங்கியது. மெலிந்த பிள்ளை தேரை மாதிரித்தான் இருக்கிறது.

உடனே நான் பிரசங்கத்தைத் தொடங்கினேன். தேரைக்குப் பல் இல்லை, நஞ்சு இல்லை, பிள்ளையின் சத்தை அது எப்படி உறிஞ்சும், மந்திரித்து நூல் கட்டிக்கொண்டு திரியாதே, கிளினிக்குக்குக் கொண்டுபோ என்று. எல்லாவற்றுக்கும் “ஓம் அக்கா” என்றாள். எங்கள் பக்கத்தில் ‘ஓம் அக்கா’ என்றால் சம்மதம் என்று நினைக்கக்கூடாது. சொல்லி முடித்துவிட்டீர்களா, நான் போகலாமா என்று கேட்பதற்கும் அதைத்தான் சொல்வார்கள்.

கிளினிக் நாளில் நானே ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். பொதுநோக்கு மண்டபத்தில், கூரை வளையில் தராசைத் தொங்கவிட்டு, பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டில் மாதிரித் துணியில் போட்டு நிறுக்கிறார்கள். கவின் ஏறியபோது தராசு பெரிதாக அசையவில்லை. குடும்பநல மாது இளம்பிள்ளை. களைத்துப்போய் இருந்தா. இருந்தாலும் பொறுமையாகத்தான் கேட்டா.

“பிள்ளைக்கு என்ன குடுக்கிறனீங்கள்?”

“எல்லாம் குடுக்கிறன் மிஸ். மீன், முட்டை, பருப்பு... சாப்பிட்டாலும் இவனுக்கு ஒட்டுதில்லை. தேரை பாய்ஞ்சது.”

அப்போது நடந்ததைத்தான் நான் கவனித்தேன். ‘தேரை’ என்று அவள் சொன்னதும் பின்னால் இருந்த பெண்களின் முகம் இளகிவிட்டது. “ஐயோ, அப்பிடியே?” என்றா ஒரு பெண். “புதுக்குடியிருப்புப் பக்கம் ஒருத்தர் பார்வை பார்த்து நூல் கட்டுறவர்” என்றா இன்னொரு பெண். ஒரு அம்மா தன் பைக்குள் இருந்து பிஸ்கட் எடுத்துக் கவினின் கையில் வைத்தா. அதே வரிசையில் அன்றைக்கு நிறை குறைந்திருந்த இன்னொரு பிள்ளையின் தாயை, அவள் போன பிறகு, என்ன சொன்னார்கள் தெரியுமா? “ஒழுங்காச் சமைச்சுக் குடுத்தா ஏன் மெலியுது?” நூல் கட்டச் சொல்லவில்லை, பிஸ்கட்டும் கொடுக்கவில்லை.

கவனித்தேன் என்றேன். விளங்கிக்கொண்டேன் என்று சொல்லவில்லை. எனக்கு அன்றைக்கு வந்தது கோபம்தான். படித்த பெண், ஓ.எல். வரை படித்தவள், இப்படிப் போய்த் தேரையைக் கட்டிக்கொண்டு அழுகிறாளே என்ற கோபம். நான் ஒரு வேலையைக் கையில் எடுத்தால் விடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். தேரைதானே பிரச்சினை? அந்த வீட்டில் தேரையே இல்லாமல் செய்துவிட்டால்? பிறகு எதைச் சாட்டுவாள்?

சனிக்கிழமை காலை கையுறை, ஒரு பழைய கொசுவலைத் துண்டு, இரண்டு சொப்பிங் பையோடு அவளுடைய வீட்டுக்குப் போனேன். தர்சினி வாசலில் கவினை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“விடுங்கோ அக்கா. அதுகள் பாவம்.”

“என்ன பாவம்? பிள்ளை பாவமில்லையோ?”

“அதுகள் தன்பாட்டில கிடக்கிறதுகள்...”

பயப்படுகிறவள் பிடிக்கவேண்டாம் என்கிறாளே என்று எனக்கு விசித்திரமாகத்தான் இருந்தது. ஆனால் நான் எப்போது மற்றவர்கள் சொன்னதைக் கேட்டேன்? வேட்டையைத் தொடங்கிவிட்டேன். தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால் ஒன்று. குளிக்கிற இடத்து மறைப்புத் தகரத்தில் இரண்டு, ஒன்றன் மேல் ஒன்று ஏறி ஈரம் காத்துக்கொண்டு இருந்தன. மின்சார மீற்றர்ப் பெட்டிக்கு மேலே ஒன்று. பிடிக்கப் பிடிக்கக் கையில் மூத்திரம் பெய்துவிட்டுப் பாயும். ஒழுங்கைப் பெண்கள் இரண்டு பேர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கும் உற்சாகம் ஏறிவிட்டது.

கடைசியாகக் குசினிக்குள் போனேன். குசினி துப்புரவாக இருந்தது. அடுப்புச் சாம்பல்கூட அள்ளியிருந்தது. மூலையில் மூடி போட்ட ஒரு பிளாஸ்ரிக் வாளி, அரிசி வைக்கிற வாளி. மூடி கொஞ்சம் விலகியிருந்தது. தூக்கினேன். அடியில், குளிர்ச்சியாக, ஒரு பெரிய தேரை. அதைத் தவிர அந்த வாளிக்குள் எதுவும் இல்லை.

“அது பழைய வாளி அக்கா” என்றாள் பின்னால் நின்று. “இப்ப பாவிக்கிறேல்ல.”

நான் நம்பினேன். வேறு வாளி எங்கே என்று கேட்கத் தோன்றவே இல்லை. தேரையைப் பிடித்த சந்தோஷத்தில் இருந்தேன்.

பையைக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் குளக்கட்டுக்குப் போய், மருத மரத்தடியில் அவிழ்த்துவிட்டேன். ஒவ்வொன்றாகத் தண்டில் ஏறிப் பட்டையின் நிறத்துக்கு மாறிக் காணாமல் போய்விட்டன. திரும்பி வரும்போது ஒழுங்கையில் கண்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். “தர்சினி வீட்டில இனித் தேரை இல்லை. ஒண்டுவிடாமப் பிடிச்சாச்சு.” கடைக்காரருக்கும் சொன்னேன். இந்தப் பத்திக்கு நல்ல விஷயம் கிடைத்துவிட்டது என்று மனதுக்குள் தலைப்புக்கூட வைத்துவிட்டேன்.

கவின் தேறவில்லை.

நான் சாப்பாடு அனுப்பத் தொடங்கினேன். சந்தேகப்பட்டு அல்ல, பக்கத்து வீட்டுப் பழக்கத்தில். முதல் நாள் முட்டைக் குழம்பு ஒரு கோப்பையில். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் நம்மிடம் இல்லை, தெரியும்தானே? மாலையில் கோப்பை வந்தது, உள்ளே ஒரு பிடி முருங்கையிலை. அடுத்த முறை பருப்பும் பிட்டும் அனுப்பினேன். கோப்பைக்குள் நாலு எலுமிச்சங்காய் வந்தது. அதற்கு அடுத்த முறை சீனி வந்தது. ஒரு கோப்பை நிறையச் சீனி. அவளுடைய வளவில் முருங்கையும் மொட்டையாகிவிட்டது, எலுமிச்சையும் முடிந்துவிட்டது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. நல்ல தாராளம் என்று நினைத்து அந்தச் சீனியில் தேநீரும் போட்டுக் குடித்தேன்.

பிறகு ஒரு பின்னேரம் அவளே வந்தாள். கான் கொண்டுவரவில்லை. கவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான்.

“அக்கா, கோவிக்கக்கூடாது. ஒரு தேரை பிடிச்சுத் தாறீங்களே?”

எனக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று இருந்தது.

“என்னத்துக்கு?”

“வீட்டில விடத்தான்.”

“உனக்கென்ன விசரே? மினக்கெட்டுப் பிடிச்சுக் கொண்டுபோய் விட்டனான்.”

அவள் கிணற்றுக்கட்டில் இருந்தாள். கவினை மடிக்கு மாற்றினாள். அழவில்லை, தலையைக் குனியவும் இல்லை. சாமான் வாங்க வந்தவள் மாதிரித்தான் பேசினாள்.

“தேரை இருக்கேக்க ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்ல அக்கா. நீங்கள் பிடிச்சுக்கொண்டு போன பிறகு எல்லாரும் கேக்கினம். இனித் தேரையும் இல்லை, மனுசன் காசும் அனுப்புறான், பிள்ளை ஏன் இன்னும் இப்பிடிக் கிடக்குதெண்டு.”

“அனுப்புறவர்தானே?”

“இல்லை.”

“எப்பேல இருந்து?”

“போன மாரிக்கு முன்னமே நிண்டுபோச்சு. போனும் எடுக்கிறேல்ல. அங்க இன்னொருத்தியோட இருக்கிறார் எண்டு அவரோட வேலை செய்தவர் சொன்னவர்.”

“அம்மா ஆக்களுக்குச் சொன்னனியே?”

“அவை வேண்டாமெண்டு சொன்ன கலியாணம் அக்கா. போய் நிண்டா, ‘நாங்கள் அப்பவே சொன்னம்’ எண்டு சொல்லுவினம். அதைக் கேக்கிறதுக்குப் பட்டினி கிடக்கலாம்.”

“நீ கிடக்கலாம் பிள்ளை. இவன்?”

அவள் கவினின் காலில் ஊர்ந்த எறும்பைத் தட்டிவிட்டாள்.

அரிசி வாளியில் தேரை ஏன் இருந்தது என்பது எனக்கு அந்தக் கிணற்றுக்கட்டில் இருந்துதான் உறைத்தது. குளிர்ச்சி, இருட்டு, ஆள் தொந்தரவு இல்லை. மாதக்கணக்கில் யாரும் கையை உள்ளே விடாத இடம். தேரைக்கு வேறென்ன வேண்டும்? அந்த வீட்டில் அது பிள்ளையின் மேல் பாயவில்லை. பிள்ளைக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு மறைப்பாக நின்றது. அந்த மறைப்பைத்தான் நான் பையில் கட்டிக்கொண்டுபோய்க் குளக்கட்டில் விட்டுவிட்டு, ஊர் முழுக்கச் சொல்லியும் வைத்திருக்கிறேன்.

பசிக்கு நாம் எப்போதிருந்து வெட்கப்படத் தொடங்கினோம்? போர் முடிந்து செட்டிகுளத்தில் முகாமில் இருந்தபோது ஆசிரியரும் கடை முதலாளியும் கூலிக்காரரும் ஒரே வரிசையில் தட்டோடு நின்றோம். பிள்ளைகள் எல்லாம் கவினைப் போலத்தான் இருந்தார்கள். ஒருவர்கூடத் தேரை பாய்ந்தது என்று சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவில்லை. எல்லோரும் பசித்திருக்கும்போது பசிக்கு ஒரு பொய் வேண்டியதில்லை. இப்போது றோட்டு வந்துவிட்டது. கரண்ட் வந்துவிட்டது. வீடு வந்துவிட்டது. ஆளுக்கொரு போன் இருக்கிறது. இவ்வளவும் வந்த பிறகு ‘என் வீட்டில் அரிசி இல்லை’ என்று ஒருத்தி எப்படி வாய்விட்டுச் சொல்வாள்?

நான் சும்மா இருக்கவில்லை. அதையும் சொல்லவேண்டும். வீட்டில் மா வறுக்க உதவிக்கு வா, கவினையும் கூட்டிக்கொண்டு வா, இங்கேயே சாப்பிடலாம் என்றேன். தருமம் மாதிரி இருக்கக்கூடாது, வேலை மாதிரி இருக்கட்டும் என்று பெரிய கெட்டித்தனம். வந்தாள். கவின் என் மடியில் இருந்து முட்டை சாப்பிட்டான். விரலில் ஒட்டிய மஞ்சட்கருவையும் நக்கினான். அடுத்த நாளும் வந்தாள். மூன்றாம் நாள் கடையடியில் யாரோ, “என்ன, கட்டார்க் காசு வாற வீட்டில இருந்து மா வறுக்கப் போறாய்?” என்று கேட்டிருக்கிறார்கள். பகிடிக்குத்தான் கேட்டிருப்பார்கள். அதோடு நின்றுவிட்டாள். நான் போய்க் கூப்பிட்டேன். “நாளைக்கு வாறன் அக்கா” என்றாள். வரவில்லை.

சாப்பாட்டுக் கோப்பையையும் வேலி ஓரமாக, ஒருவரும் காணாமல் வைத்துப் பார்த்தேன். கோப்பை கழுவித் திரும்பி வந்தது, உள்ளே உப்பு. உப்பு ஒன்றுதான் அவளிடம் மிச்சம் இருந்திருக்கவேண்டும். ஒரு தாயின் ரோசத்தைத் தாண்டி அவளுடைய பிள்ளைக்குச் சோறு கொண்டுபோக எனக்கு வழி தெரியவில்லை. இத்தனை வருடமாக உங்களுக்கு ஒவ்வொரு வாரமும் புத்தி சொல்லிக்கொண்டிருக்கிற எனக்குத்தான்.

பிறகு கவினுக்குக் காய்ச்சல் வந்தது.

சாதாரணக் காய்ச்சல். நம் வீட்டுப் பிள்ளைகளென்றால் பாணி மருந்தைக் குடித்துவிட்டு விளையாடப் போய்விடும். அவனுடைய உடம்பில் அதை எதிர்க்க ஒன்றும் இருக்கவில்லை. விடியப்புறம் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அவள் அவனுடைய பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவன் கண்ணைத் திறப்பான், மூடுவான். எனக்குக் கடவுளிடம் கேட்கக்கூட வெட்கமாக இருந்தது. என்னவென்று கேட்பது? சோறு இல்லாத பிள்ளையைக் காப்பாற்று என்று கேட்டால், சோறு நீதானே கொடுத்திருக்கவேண்டும் என்று அவர் திருப்பிக் கேட்க மாட்டாரா?

வார்ட்டில் சேர்த்து, கையில் நரம்பு தேடித் தேடிச் சேலைன் ஏற்றினார்கள். டொக்டர் நல்ல பிள்ளை. திரையை இழுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். அவரிடம் தர்சினி உண்மையைச் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

“காய்ச்சலுக்கு மருந்து போட்டிருக்கிறன் அம்மா. இது இறங்கும்” என்றார். “மற்றதுக்கு... சாப்பாடுதான் மருந்து. ஒவ்வொரு நாளும், கொஞ்சம் கொஞ்சமா. விடாமக் குடுக்கோணும்.”

“ஓம் டொக்டர்” என்றாள்.

அவர் திரையைத் திறந்துவிட்டு அடுத்த வார்ட்டுக்குப் போனார். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்த மருந்து எந்தப் பாமசியிலும் இல்லை. காய்ச்சல் மறுநாள் கொஞ்சம் இறங்கியது. வீட்டுக்கு விடுவார்கள். அந்த வீட்டுக்குத்தான் விடுவார்கள். நான் இதை எழுதும்போது கவின் இன்னும் வார்ட்டில் இருக்கிறான். அங்கே வேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறது என்பதால், இன்னும் சில நாள் காய்ச்சல் நிற்காமல் இருந்தால் நல்லது என்று ஒரு நேரம் நினைத்துவிட்டேன். பிள்ளைக்குக் காய்ச்சல் நீடிக்கட்டும் என்று நினைக்கிற நிலைக்கு நாங்கள் வந்து நிற்கிறோம்.

அடுத்த கட்டிலில் இன்னொரு இளம் தாய். முல்லைத்தீவுக் கரையில் இருந்து வந்தவள். கணவன் கடலுக்குப் போகிறவன். வீடு இல்லை, கடற்கரை மணலிலேயே ஓலைக் கொட்டிலாக ஒரு வாடி போட்டு இருக்கிறார்களாம். அவளுடைய மகளுக்கு இரண்டு வயது என்றாள். நான் ஒரு வயது என்று நினைத்திருந்தேன். மத்தியானம் சாப்பாடு வந்தபோது அவள் எங்கள் பக்கம் திரும்பினாள்.

“உங்கட பிள்ளைக்கு என்ன?”

தர்சினி என்னைப் பார்த்தாள். திரை திறந்துதான் இருந்தது. வார்ட் முழுக்க ஆட்கள். பிள்ளையின் நிறையை அவள் மறைக்க முடியாது, காரணத்தை மட்டும்தான் மறைக்கலாம்.

நான்தான் சொன்னேன். “தேரை பாய்ஞ்சது.”

தர்சினி மூச்சை விட்டாள். கரண்டியை எடுத்துக் கவினின் வாயில் சோற்றை வைத்தாள்.

அடுத்த கட்டில்காரி தன் மகளை இழுத்து மடியில் இருத்தினாள். “இவளுக்கும் அதுதான் அக்கா” என்றாள்.

உப்புக்காற்றும் வெறும் மணலுமான கடற்கரையில் தேரை எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.